பதினெட்டுக்கு முன்பே தொடங்க வேண்டும்



நம் பிள்ளைகள் வெளிநாட்டுக் கால்பந்துக் கிளப்புகளில் நிலைக்காததற்குத் திறமைக்குறைவு மட்டும் காரணமல்ல; தாமதமாகத் தயாராவதும் காரணம். இந்திய வீரர் சுனில் சேத்ரி லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்குப் போன 2012-இல் அவருக்கு வயது 27. இரண்டாம் அணியில் மூன்றே ஆட்டங்கள். 22 வயதில் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்த இந்திய கோல்கீப்பர் குர்பிரீத் சிங்கோ வாய்ப்புக்குக் காத்திருந்து, 2016-இல் ஐரோப்பா லீக் தகுதிச்சுற்றில் ஆடினார். ஃபிஃபா விதிப்படி, சில விலக்குகள் தவிர, 18 வயதுக்குமுன் நாடு மாறி ஆட முடியாது. ஏஜென்ட் பின்னால் ஓடாமல், அதுவரை பந்தோடு, வெளிநாட்டில் வாழத் தேவையான ஆங்கிலம், ஒப்பந்த வாசிப்பு, ஏன், சமையலும் கற்றுத்தரலாம். படிப்பு கெடும் என்பார்கள், இவையும் படிப்புதானே? பணமில்லை என்பது வலுவான மறுப்பு. ஆனால் நல்ல பயிற்சியாளர்களிலிருந்தே தொடங்கலாம்: நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்து, உரிமம் பெற்ற பயிற்சியாளர்களைச் சிறுவர்களிடமே அனுப்பி, 2018 உலகக் கோப்பையில் ஆடியது. எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கும் அப்படி ஒருவரையாவது மாநிலக் கால்பந்துச் சங்கம் அனுப்பட்டும்.

– ஒரு வாசகர், வரதய்யபாளையம்