ஃபிக்ஸடா, ஃப்ளோட்டிங்கா? கேள்வியே தப்பு, மக்களே!

மயூர் விஹாரில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழனுக்குப் பத்து வருஷம் ஆனால் ரெண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பேச்சுக்கு நடுவில் "அச்சா, அச்சா" தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, "மாசாமாசம் வாடகையாக் குடுக்கற காசை ஈ.எம்.ஐ.யாக் கட்டினா வீடாவது மிஞ்சுமே" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ப்ராப்பர்டி டீலர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் ரெண்டு என்று சொஸைட்டி சொஸைட்டியாக ஏறி இறங்க ஆரம்பித்துவிடுவோம்.

வீடு பிடித்ததும் அடுத்த பட்டிமன்றம்: லோன் ஃபிக்ஸடா, ஃப்ளோட்டிங்கா? ஆபீஸில் கேட்டால் ஒருத்தர் ஃபிக்ஸட் என்பார், இன்னொருத்தர் ஃப்ளோட்டிங் என்பார். ரெண்டு பேரும் ரொம்ப நம்பிக்கையாகச் சொல்வார்கள். நான் சொல்வது, இந்தக் கேள்வியே தப்பு. கேட்க வேண்டியது வேறு: என் வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது? வட்டி ஏறினால் கூடுவது தவணைத் தொகையா, வருஷமா?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஃப்ளோட்டிங் என்றால் மிதப்பது. எந்தத் தண்ணீரில் மிதக்கிறது என்று பார்க்க வேண்டாமா? ஒரு காலத்தில் வங்கி தானே ஒரு அடிப்படை வட்டியைச் சொல்லும், நம் வட்டி அதன் மேல் மிதக்கும். 2010 ஜூலையில் பேஸ் ரேட் வந்தது, 2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர். வந்தது. பெயர் மாறியதே தவிர கணக்குப் போடுவது வங்கிதான். 2017ல் ரிசர்வ் வங்கியின் உள் ஆய்வுக் குழு இதைத் தோண்டிப் பார்த்தது. வங்கிகள் சொல்லப்பட்ட கணக்குமுறையை விட்டு இஷ்டத்துக்கு விலகியிருக்கின்றன, பேஸ் ரேட்டை ஏற்றியோ இறங்கவிடாமல் பிடித்தோ வைத்திருக்கின்றன என்று எழுதியே கொடுத்தது. இது என் புலம்பல் இல்லை சாமி, ரிசர்வ் வங்கிக் குழுவின் அறிக்கை!

அதனால்தான் 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் புதிதாகத் தரும் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்களை ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடு கட்டியே ஆகவேண்டும் என்று விதி வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வட்டியைத் திருத்தவும் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இது வங்கிகளுக்கு மட்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அவர்கள் தங்கள் சொந்த ப்ரைம் ரேட்டிலேயே மிதக்கவிடலாம்.

இங்கேதான் நம்ம ஜம்னாபார் கதை உள்ளே வருகிறது. தில்லியில் டி.டி.ஏ. ஃப்ளாட்டும் சொஸைட்டி ஃப்ளாட்டும் பவர் ஆஃப் அட்டர்னியில் கைமாறிய காலம் ஒன்று உண்டு. அது சொத்துரிமையைத் தராது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பத்திரச் சங்கிலி அறுந்த வீட்டுக்கு வங்கி தயங்கும். உடனே டீலர், "டென்ஷன் மத் லீஜியே சார், நம்ம ஆள் இருக்காரு" என்று ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ஏஜெண்டைக் கூட்டிவருவார். வீடு கிடைக்கிறதே என்கிற சந்தோஷத்தில், வட்டி எதோடு கட்டியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பத்திரமும் பலவீனம், வட்டிக் கயிறும் அவர்கள் கையில்!

இப்போது ரெண்டாவது கேள்வி. "வட்டி ஏறினாலும் உங்க ஈ.எம்.ஐ. ஒரு பைசா ஏறாது சார்" என்று ஏஜெண்ட் சொல்வார். உண்மைதான். அதில்தான் வில்லங்கமே. கால்குலேட்டர் எடுங்கள். 50 லட்சம் கடன், 20 வருஷம், 6.75 சதவீதம். தவணை சுமார் 38,000 ரூபாய். ரெண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டியபின் பாக்கி சுமார் 47.5 லட்சம். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4லிருந்து 6.5 ஆனது, அதாவது ரெண்டரை சதவீத ஏற்றம். கணக்கு எளிதாக இருக்க அது ஒரேயடியாக ஏறியதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 9.25. அதே 38,000த்தையே கட்டினால் பாக்கி இருந்த 18 வருஷம் 35 வருஷத்துக்கு மேல் போய்விடும். முப்பத்தைந்து வயதில் வாங்கியவர் எழுபது தாண்டியும் கட்ட வேண்டும். பதினெட்டே வருஷத்தில் முடிக்க வேண்டுமென்றால் தவணை சுமார் 45,200. மாசம் ஏழாயிரம் கூட. வலிக்கும். ஆனால் தெரிந்து வலிப்பது தெரியாமல் வலிப்பதைவிட மேல்.

"2025ல்தான் வட்டி இறங்கிவிட்டதே" என்பீர்கள். இறங்கியது, அந்த வருஷம் டிசம்பருக்குள் 5.25 வரை. ஏறியது ரெண்டரை, இறங்கியது ஒன்றேகால். சரிபாதி. மீதிப் பாதி யார் தலையில்?

அப்போ ஃபிக்ஸட் எடுத்துவிடலாமா? நிதானம். நம் ஊரில் ஃபிக்ஸட் என்று விற்பது பலசமயம் ரெண்டு, மூன்று, ஐந்து வருஷத்துக்குத்தான் ஃபிக்ஸட். பின்பக்கத்தில் ஒரு 'ரீசெட்' ஷரத்து பொடி எழுத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். வட்டியும் கூட. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் இருக்கலாம். ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அந்த அபராதம் வாங்கக்கூடாது என்று 2012லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2021ல் 3 சதவீதத்துக்கு 30 வருஷக் கடன் எடுத்தவர், 2023ல் புதுக்கடன் 7 சதவீதத்தைத் தாண்டியபோதும் அதே 3தான் கட்டினார். அங்கே அந்தக் கடன்களை வாங்கிக்கொள்ள அரசின் ஆதரவுள்ள நிறுவனங்கள் இருக்கின்றன. இங்கே வட்டி ஏறும் அபாயம் முழுக்கச் சம்பளக்காரன் தலையில். இதற்குப் பெயர் 'கஸ்டமர் சாய்ஸ்'!

இதை ரிசர்வ் வங்கி உணராமல் இல்லை. வட்டி திருத்தும்போது ஃபிக்ஸடுக்கு மாறும் வாய்ப்பைத் தரவேண்டும், தவணையைக் கூட்டுவதா வருஷத்தை நீட்டுவதா என்று கேட்கவேண்டும், எத்தனை தவணை பாக்கி என்று காலாண்டுக்கு ஒருமுறை சொல்லவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. சபாஷ் போட்டோம். 2025 அக்டோபரில் அந்த ஃபிக்ஸட் வாய்ப்பு மட்டும் வங்கியின் விருப்பம் என்று ஆகிவிட்டது. குடை கடைக்காரனிடமே இருக்கும், மழை பெய்தால் அவன் இஷ்டப்பட்டால் தருவான்! இந்த வாய்ப்பு மறுபடி கட்டாயமாக வேண்டும். இருபது வருஷம் கட்டப்போகிறவனுக்கு இதுகூட உரிமை இல்லையா?

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். கையெழுத்துக்கு முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: எந்த அளவுகோல், அதன் மேல் எத்தனை சதவீதம், வட்டி ஏறினால் தவணையா வருஷமா. "அதெல்லாம் சிஸ்டத்துல வரும் சார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய பேஸ் ரேட், எம்.சி.எல்.ஆர். வங்கிக் கடனில் இன்னும் மாட்டியிருப்பவர்கள் ரெப்போவுக்கு மாற்றக் கேட்டு இந்த வாரமே எழுதிப் போடுங்கள். வட்டி ஏறும்போது முடிந்தவரை தவணையைக் கூட்டுங்கள், வருஷத்தை நீட்டவிடாதீர்கள். இறங்கும்போது தவணையைக் குறைக்காமல் வருஷத்தை வெட்டுங்கள்.

கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைத் தூக்கிப் பார்க்கிறோம். அரைக் கோடிக் கடனில் ரெண்டு பக்கம் படிக்க மட்டும் நமக்கு நேரமில்லையா?