கடைக்கு ஒரே வாசல்!

சேலத்தில் இருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் நெடுஞ்சாலை, முன்பு ஊர்களின் நடுவே போயிற்று. ஆத்தூருக்குள் புகுந்தது. சின்னசேலத்துக்குள் புகுந்தது. கள்ளக்குறிச்சிக்குள் புகுந்தது. லாரி டிரைவர்கள் டீ குடிக்க இறங்குவார்கள். காரில் வருகிறவர்கள் பழம் வாங்குவார்கள். சாலை ஓரத்துக் கடைகளுக்கு அதுதான் பிழைப்பு.

பிறகு புறவழிச் சாலை வந்தது. ஊருக்குள் நெரிசல் குறைந்தது. விபத்துப் பயம் குறைந்தது. நல்லதுதான். ஆனால், வழிப்போக்கரை மட்டுமே நம்பி இருந்த கடைக்காரரின் கதி என்ன? டீ அதே டீ. கடைக்காரரும் அதே ஆள். வாசலில் ஓடிய சாலை மட்டும் விலகிப் போயிற்று!

ஆனாலும் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. சாலை விலகப் போவது முன்கூட்டியே தெரியும். நிலத்தை அளப்பார்கள். கல் நடுவார்கள். ஜல்லி கொட்டுவார்கள். வேலை முடிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்டர்நெட்டில் கடை வைத்திருப்பவருக்கு அந்த அவகாசம்கூடக் கிடையாது. இரவு படுக்கும்போது இருந்த சாலை, காலையில் எழுந்து பார்த்தால் இருக்காது.

சிற்பியின் கடை

இது எப்படி நடக்கிறது?

கள்ளக்குறிச்சிப் பகுதி மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்றது. 2021-ம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு எங்கோ செய்த பொம்மையை, "இது கள்ளக்குறிச்சிச் சிற்பம்" என்று சொல்லி விற்க முடியாதபடி சட்டம் தரும் பாதுகாப்பு அது.

அந்தச் சிற்பிகளில் ஒருவர் இன்டர்நெட்டில் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையார் சிலையைப் படம் எடுத்துப் போடுகிறார். விலையையும் போடுகிறார். மும்பையில் இருப்பவருக்கு அந்தக் கடை எப்படித் தெரியும்? சிங்கப்பூரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் செல்போனை எடுத்து, "மரப் பிள்ளையார் சிலை" என்று எழுதித் தேடுவார்கள். கேட்டதைத் தேடிக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்குத் "தேடுபொறி" என்று பெயர். தேடுபொறிகள் பல உண்டு. ஆனால், இந்தியாவில் 100 தேடல்கள் நடந்தால் 95-க்கு மேல் கூகுளில்தான் நடக்கின்றன.

தேடியவுடன் கடைகளின் வரிசை வருகிறது. முதலில் உள்ள சில கடைகளைத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். மூன்றாம் பக்கம் வரை போகிறவர் யார்? யாருக்கு அவ்வளவு பொறுமை!

யார் முதல் கடை, யார் ஐந்நூறாவது கடை என்பதைக் கூகுளின் கணக்கு முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு முழுவதும் வெளியாருக்குத் தெரியாது. அது அடிக்கடி மாறவும் செய்யும். ஆண்டுக்குச் சில முறை பெரிய மாற்றம் செய்வதாகக் கூகுளே அறிவிக்கிறது. அப்படி மாறும்போது நம் சிற்பியின் கடை, முதல் பக்கத்தில் இருந்து ஏழாம் பக்கத்துக்குப் போய்விடலாம். அவர் உளியை மாற்றவில்லை. மரத்தை மாற்றவில்லை. விலையையும் ஏற்றவில்லை. ஆனால் ஆர்டர் நின்றுவிடும்.

காரணம் கேட்க அவர் எந்த ஆபீசுக்குப் போவார்?

கணவன், மனைவி, ஒரு கடை

இங்கிலாந்தில் ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்ற கணவன் மனைவி இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து "ஃபவுண்டம்" என்ற இன்டர்நெட் கடையைத் தொடங்கினார்கள். ஒரே பொருளை எந்தக் கடை எவ்வளவுக்கு விற்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டுவது அதன் வேலை. 2006-ம் ஆண்டு ஜூன் மாதம் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

திறந்த சில நாட்களிலேயே, கூகுளின் வரிசையில் அது எங்கோ அடியில் போய் விழுந்தது. மற்ற தேடுபொறிகளில் அதே கடை நல்ல இடத்தில் இருந்தது. கூகுளில் மட்டும் காணோம்! ஏதோ தவறு நடந்துவிட்டது, சொன்னால் சரி செய்துவிடுவார்கள் என்று இருவரும் நினைத்தார்கள். எழுதிப் பார்த்தார்கள். காத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் போயிற்று.

2009-ம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். வேறு கம்பெனிகளும் புகார் கொடுத்தன. விசாரணை நீண்டது. பொருள்களின் விலையைக் காட்ட, கூகுளும் சொந்தமாக ஒரு பகுதி வைத்திருந்தது. தன் கடையை மேலே தூக்கி வைத்துவிட்டு, போட்டிக் கடைகளைக் கீழே தள்ளியது கூகுள் என்று ஆணையம் முடிவு செய்தது. 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. கூகுள் அப்பீல் செய்தது. 2024-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி, ஐரோப்பாவின் மிக உயர்ந்த கோர்ட்டு அந்த அபராதம் சரியே என்று தீர்ப்பு கூறியது.

நியாயம் கிடைத்தது. கடை? அது 2016-ம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டது.

கல்யாணத் தரகும் கோர்ட்டும்

இது வெளிநாட்டுச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே வழக்கு நடந்திருக்கிறது.

சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய "பாரத் மேட்ரிமோனி" பலருக்கும் தெரியும். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் வேலையை இன்டர்நெட்டுக்குக் கொண்டுபோன கம்பெனி அது. அந்தப் பெயரைக் கூகுளில் எழுதித் தேடினால், போட்டிக் கம்பெனிகளின் விளம்பரங்களும் வந்தன. பெயர் இவருடையது. அந்தப் பெயரைச் சொல்லி வருகிற வாடிக்கையாளரோ இன்னொருவர் வாசலுக்குப் போகலாம்! கம்பெனி சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2010-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. கேட்ட தடை கிடைக்கவில்லை. பாரதம், தமிழ், மேட்ரிமோனி எல்லாம் எல்லோரும் வழங்கும் பொதுச் சொற்கள் ஆயிற்றே என்பது அந்த வழக்கில் முக்கியமான வாதம்.

கம்பெனி விடவில்லை. 2012-ம் ஆண்டில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. நுகர்வோர் சங்கம் ஒன்றும் புகார் கொடுத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2018-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி தீர்ப்பு வந்தது. விளம்பரம் பற்றிய குறையை ஆணையம் ஏற்கவில்லை. ஆனால், வேறு சில குற்றங்களைக் கண்டது. விமானப் பயணம் பற்றித் தேடுகிறவர்களுக்குத் தன்னுடைய பெட்டியையே எடுப்பாகக் காட்டியது அவற்றில் ஒன்று. 135 கோடியே 86 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதை எதிர்த்துக் கூகுள் அப்பீல் செய்தது.

கதை அதோடு நிற்கவில்லை. செல்போனுக்கான செயலிகளை விற்கும் "பிளே ஸ்டோர்" என்ற கடையும் கூகுளுடையதுதான். 2024-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, கட்டணத் தகராறில் சில இந்தியக் கம்பெனிகளின் செயலிகளை அங்கே இருந்து கூகுள் நீக்கியது. பாரத் மேட்ரிமோனியும் அவற்றில் ஒன்று. மத்திய அரசு தலையிட்டது. சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன.

பெரிய கம்பெனிக்கு வக்கீல் உண்டு. மந்திரியைப் பார்க்க வழி உண்டு. பத்திரிகைகளில் செய்தி வரும். கள்ளக்குறிச்சிச் சிற்பிக்கு யார் உண்டு?

கூகுளின் பக்கத்திலும் நியாயம் உண்டு

அதையும் சொல்லத்தான் வேண்டும். தேடுகிறவரிடம் கூகுள் காசு வாங்குவது இல்லை. ஊர் பேர் தெரியாத சின்னக் கடைக்கும் அது வாடிக்கையாளரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. முன்பு எந்தத் தரகர் அப்படிச் செய்தார்?

ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பொய்ப் பக்கங்களை எழுதி, வரிசையில் முண்டியடித்து ஏறப் பார்க்கிறார்கள். 2006-ம் ஆண்டில் பெரிய கார் கம்பெனியான பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் பக்கத்தையே, இப்படிப்பட்ட தந்திரத்துக்காகக் கூகுள் நீக்கியது. வரிசையை மாற்றாமல் விட்டால் தந்திரக்காரர்களே முதலில் நிற்பார்கள்.

ஆகவே வரிசை மாறுவது குற்றம் அல்ல. வரிசைப்படுத்துகிறவரே அந்த வரிசையில் சொந்தக் கடையும் வைத்திருப்பது, காரணம் கேட்டால் பதில் வராதது, போக வேறு சாலை இல்லாதது. குறை இவைதான்.

வேறு சாலை ஏன் இல்லை? கூகுள் நன்றாகத் தேடித் தருகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அமெரிக்கக் கோர்ட்டு சொன்னது. புதிய செல்போனை வாங்கித் திறந்தால் முதலில் கூகுளே வர வேண்டும் என்பதற்காக, போன் கம்பெனிகளுக்கும் மற்றவர்களுக்கும் அது பணம் கொடுத்து வந்தது. 2021-ம் ஆண்டில் மட்டும் கொடுத்தது 2,630 கோடி டாலர்! 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டத்துக்கு விரோதமாகத் தனி ஆதிக்கத்தைக் காத்து வந்தது என்று தீர்ப்பு கூறினார். 2025-ம் ஆண்டு செப்டம்பரில், தன்னை மட்டுமே வைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடக் கூடாது என்று கூகுளுக்கு உத்தரவிட்டார்.

இப்போது புதிதாக இன்னொன்று. கேள்வியை எழுதினால், செயற்கை அறிவு எழுதிய பதில் மேலேயே வந்துவிடுகிறது. பதில் அங்கேயே கிடைத்தால் கடைக்குள் நுழைவானேன்? சமையல் குறிப்பு, மருத்துவக் குறிப்பு எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது பெரிய கவலை. சாலை விலகவில்லை. சாலையில் வருகிறவர் பஸ்சை விட்டு இறங்குவதே இல்லை!

மலைக்காரருக்குத் தெரியும்

கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு "ஒரே வாசல்" என்றால் என்ன என்று விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. அந்த மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது. 1976-ம் ஆண்டில்தான் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அதுவரை மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தாருக்கு வரி கட்டினார்கள். அவர் நிலத்தில் கூலி இல்லாமல் உழைத்தார்கள். குறை இருந்தால் யாரிடம் சொல்வது? அதே ஜாகீர்தாரிடம்தான்.

கூகுள் ஜாகீர்தார் அல்ல. அது யாரையும் ஏர் பிடிக்கச் சொல்லவில்லை. ஆனால் குறை சொல்ல வேறு இடம் இல்லாத நிலை என்ன செய்யும் என்பதை வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் உள்ள பெரியவர்கள் அறிவார்கள்.

அந்த மலையின் தேனும், புளியும், கடுக்காயும், தினையும், சாமையும் இன்டர்நெட்டில் விற்கலாம் என்று இன்று இளைஞர்களுக்குச் சொல்லப்படுகிறது. விற்கட்டும். நடுவில் வியாபாரி இல்லாமல் நேரே விற்றால் கையில் நிற்கும் காசு அதிகம். ஆனால், அதற்காகக் கடன் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "நாளை காலை கூகுளில் என் கடை தெரியாவிட்டால், எத்தனை பேர் என்னைத் தேடி வருவார்கள்?" என்பதே அந்தக் கேள்வி. ஒருவரும் வரமாட்டார்கள் என்றால், அந்த வியாபாரத்தை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

அரசுக்கும் வேலை இருக்கிறது. பெரிய இன்டர்நெட் கம்பெனிகள் தங்கள் கடையைத் தாங்களே முன்னால் வைப்பதைத் தடுக்க, ஐரோப்பாவில் தனிச் சட்டம் வந்துவிட்டது. 2024-ம் ஆண்டு மார்ச் முதல் அந்தக் கம்பெனிகள் அதன்படி நடந்தாக வேண்டும். இந்தியாவிலும் அதே மாதத்தில் ஒரு சட்ட வரைவு வெளியிடப்பட்டது. அது அலமாரியில் தூங்கக் கூடாது. புகார் கொடுத்தவருக்கு இத்தனை நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதி இருந்தாலே, சின்ன வியாபாரிக்குப் பாதி பலம் வந்துவிடும். ஆறு ஆண்டுகள் கழித்து அபராதம் போட்டால், அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும். மூடிய கடை மூடியதுதான்.

சட்டம் வரும்வரை சிற்பி என்ன செய்வது? கூகுள் வழியாக வந்தவரைக் கூகுளிடமே திருப்பி அனுப்பக் கூடாது! ஒரு முறை சிலை வாங்கியவரின் பெயரையும் போன் நம்பரையும், அவர் சம்மதத்தோடு, கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை அவர் நேரே கூப்பிடும்படி, சிலையோடு தன் நம்பர் அச்சிட்ட அட்டையையும் வைத்து அனுப்ப வேண்டும். பூம்புகார் விற்பனை நிலையம், கண்காட்சி, கோவில் திருவிழாக் கடை ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. மலையில் தேன் எடுப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, வாடிக்கையாளர் பட்டியலைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஒருவரிடம் சரக்கு தீர்ந்தால் மற்றவர் கொடுக்கலாம்.

நம்பர்களை வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். வாட்ஸ்அப்பும் ஒரு கம்பெனியின் கையில்தான் இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தாலும் நம்பர்கள் போய்விடும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைப்பது நல்லது. பெயர், ஊர், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார். நான்கு கட்டம் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே மாலையில் எழுதிக் கொடுத்துவிடும்.