பெட்டகம் உமது! சாவி எமது!

"வங்கி எதற்கு? இடைத்தரகன் எதற்கு? உன் பணம் இனி உன் கையில்!" இந்த முழக்கத்தோடுதான் மின்னாணயம் உலகில் அடியெடுத்து வைத்தது. 2008ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள். அமெரிக்க வங்கிக் கோமான்கள் ஆடிய சூதாட்டத்தால் உலகப் பொருளாதாரமே ஆட்டங்கண்டிருந்த நேரம். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் (ஒருவரோ, பலரோ, உலகம் இன்றுவரை அறியாது) ஒன்பது பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டார். 2009 சனவரி 3ஆம் நாள் முதல் பிட்காயின் பிறந்தது. வங்கிகளுக்கு அரசு கைகொடுக்கப் போகிறது என்ற அன்றைய இலண்டன் நாளேட்டுத் தலைப்பையே அந்தப் பிறப்புப் பதிவில் பொறித்து வைத்தனர். வங்கி முதலைகளுக்கு எதிராக விடுக்கப்பட்ட அறைகூவல் அது!

நல்ல முழக்கந்தான். மேடையேறி முழங்கிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், கேட்டவுடன் கைதட்டத் தோன்றும் முழக்கம். ஆனால் தோழர்களே, முழக்கம் எழுந்த சில ஆண்டுகளிலேயே நடந்தது என்ன? வங்கி வேண்டாமென்று கிளம்பியவர்கள் வங்கியிலும் கேடுகெட்ட வாசல்களில் வரிசை கட்டி நின்றனர். எக்ஸ்சேஞ்சு என்று அந்த வாசல்களுக்குப் பெயர். மின்னாணயச் சந்தை என்று நாம் அழைப்போம்.

இந்த நாணயம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அது எந்தப் பெட்டியிலும் இல்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே கணக்கேடு பரவிக் கிடக்கிறது. எந்த முகவரியில் எத்தனை நாணயம் என்பதை அந்த ஏடு சொல்கிறது. ஒரு முகவரியிலிருந்து நாணயத்தை நகர்த்தும் ஆற்றல், அதற்குரிய இரகசியச் சாவியை உடையவனுக்கே உண்டு. சாவி என்றால் இரும்பல்ல, நீண்டதோர் எண். அதை அறிந்தவன் உடைமையாளன். அறியாதவன் வேடிக்கை பார்ப்பவன். சந்தையில் பணம் கட்டி நாணயம் வாங்கி அங்கேயே விட்டு வைக்கும் எளியவனிடம் அந்தச் சாவி இல்லை. சந்தைக்காரனிடம் இருக்கிறது. எளியவனுக்குக் கிடைப்பது கைப்பேசித் திரையில் ஓர் எண்ணிக்கை; "உனக்கு இவ்வளவு தரக் கடமைப்பட்டுள்ளேன்" என்ற வாய்மொழி.

எங்கள் நாடகக் குழுவில் அரசவைக் காட்சிக்கென்று ஒரு பொற்பேழை உண்டு. திறந்தால் கண்ணைப் பறிக்கும். மேல்வரிசையில் மட்டும் தங்கத்தாள் ஒட்டிய காசுகள், அடியில் வைக்கோல்! அவையோர் எவரும் கையை விட்டுத் துழாவ மாட்டார்கள் என்ற துணிவில்தான் அந்தக் காட்சி நடக்கிறது. மின்னாணயச் சந்தைகள் பலவும் அதே துணிவில்தான் நடந்தன.

டோக்கியோ நகரின் மவுண்ட் காக்ஸ் கதையைக் கேளுங்கள். மந்திரச் சீட்டு விளையாட்டொன்றின் சீட்டுகளைக் கைமாற்றுவதற்கென்று வைத்த பெயர் அது. சீட்டாட்டப் பெயரோடு பிறந்து, உலகப் பிட்காயின் வணிகத்தின் பெரும்பகுதியைத் தன் வாசலுக்கு இழுத்துக்கொண்டது. 2014 பிப்ரவரி 7ஆம் நாள், "நாணயத்தை வெளியே எடுக்க இயலாது, ஏதோ தொழில்நுட்பக் கோளாறு" என்று கதவைச் சாத்தினர். இலண்டனிலிருந்து பறந்து வந்த ஒருவர், "எங்கள் பணம் எங்கே?" என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்த அலுவலக வாயிலில் பனியில் நின்றார். விடை பிப்ரவரி 28ஆம் நாள் வந்தது. நிறுவனம் திவாலாகிவிட்டதாம்! வாடிக்கையாளர்களின் 7,50,000 பிட்காயினும், நிறுவனத்தின் 1,00,000 பிட்காயினும் காணவில்லையாம்! அடுத்த திங்களே, பழையதொரு கணக்கில் 2,00,000 பிட்காயின் கிடந்ததைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள். பரணில் போட்ட பழைய பையில் பாட்டியின் கம்மல் அகப்பட்டது போல, இரண்டு இலட்சம் அகப்பட்டது. பாமரன் ஒருவன் கணக்கை இந்த இலட்சணத்தில் வைத்திருந்தால் அவன் பெட்டிக்கடையைக்கூட எவரும் நம்ப மாட்டார்கள்.

2011 முதற்கொண்டே களவு நடந்து வந்தது என்பது பின்னர் ஆராய்ந்தோர் கண்ட முடிவு. ஆண்டுக்கணக்கில் அடிப்பெட்டி காலியாகிக்கொண்டிருக்க, மேல்வரிசைத் தங்கத்தாளைக் காட்டியே வணிகம் நடந்திருக்கிறது! தலைவர் மார்க் கார்ப்பெலஸ், கணக்குப் பதிவுகளைத் திரித்த குற்றத்துக்காக 2019இல் தண்டிக்கப்பட்டார். கையாடல் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். திரிப்புக்கு விதித்த இரண்டரை ஆண்டுச் சிறையும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏமாந்தவர்களுக்கு நாணயம் திரும்பத் தொடங்கியது எப்போது தெரியுமா? 2024 சூலைத் திங்களில். பத்தாண்டுகள்! பணங்கட்டிய வாலிபன் நரைகண்ட பிறகு கொஞ்சம் பணம் கண்டான்.

கனடாவில் குவாட்ரிகா என்றொரு சந்தை. சாவிகள் அத்தனையும் அதன் தலைவர் ஒருவரிடமே இருந்தனவாம். அவர் 2018 டிசம்பரில் நமது நாட்டின் செய்ப்பூர் நகரில் இறந்தார். சாவியும் அவரோடு போய்விட்டது என்று வாடிக்கையாளர்கள் கண்ணீர் வடித்தனர். ஆராய்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பூட்டிய பெட்டகங்கள் அவர் இறப்பதற்குப் பல திங்கள் முன்பே காலி! அது மோசடியே என்று ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020இல் அறிவித்தது. 76,000 பேர் நடுத்தெருவில்.

இவை தொடக்கக் காலத்துத் தவறுகள், பின்னர் வந்தவர்கள் பெரிய மனிதர்கள் என்பர் சிலர். பெரிய மனிதர் ஒருவரையும் பார்த்துவிடுவோம். பகாமாத் தீவில் கோலோச்சிய எஃப்.டி.எக்ஸ்! மியாமி நகர விளையாட்டரங்குக்குத் தன் பெயரைச் சூட்ட 13.5 கோடி டாலர் ஒப்பந்தம்! விளையாட்டு வீரர்கள் விளம்பரத்துக்கு! 2022 நவம்பர் 7ஆம் நாள், சொத்துக்கள் யாவும் நலமே என்று உலகுக்கு அறிவித்தார் அதன் தலைவர் சாம் பேங்க்மேன்-ஃப்ரைட். மறுநாள் கதவு சாத்தப்பட்டது. 11ஆம் நாள் திவால்! வாடிக்கையாளர் பணம் ஏறத்தாழ 800 கோடி டாலர் எங்கே? அவருடைய சொந்த வணிக நிறுவனமான அலமேடாவுக்குப் பின்வாசல் வழியே போயிருந்தது. வேறு எவருக்கும் இல்லாத சலுகையாக, இருப்பு சூனியத்துக்குக் கீழே போனாலும் எடுத்துக்கொண்டேயிருக்கலாம் என்று கணினியிலேயே அந்த நிறுவனத்துக்கு வழி செய்து வைத்திருந்தனர். என்ரான் நிறுவனத்தின் சிதைவைத் துப்புரவு செய்த சான் ரே என்பவரே பொறுப்பேற்று உள்ளே நுழைந்தார். இத்தகைய நிருவாகச் சீர்கேட்டைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்று நீதிமன்றத்தில் எழுதித் தந்தார். கோடிகளை ஆளும் சாவிகளைப் பலர் புழங்கும் பொது மின்னஞ்சல் கணக்கின் வழியே திறந்திருக்கிறார்கள்! செலவுக் கணக்குகளுக்குச் சிரிக்கும் பொம்மைப் படம் அனுப்பி ஒப்புதல் தந்திருக்கிறார்கள்!

25 ஆண்டுச் சிறை, 2024 மார்ச்சில். "பார்த்தீர்களா, நீதி வென்றது, இழந்தவர்களுக்குப் பெரும்பாலும் நூற்றுக்கு நூறுக்கு மேலேயே பணம் திரும்புகிறது" என்று வக்காலத்து வாங்குகிறார்கள். எந்த நூறு? 2022 நவம்பரில், விலை பாதாளத்தில் கிடந்த நாளின் மதிப்பில் நூறு! ஒரு பிட்காயின் 17,000 டாலருக்கும் கீழே இருந்த நாள் அது. 2024 அக்டோபரில் திட்டத்துக்கு நீதிமன்றம் இசைவு தந்தபோது அதே பிட்காயின் 60,000 டாலரைத் தாண்டியிருந்தது. ஒரு மூட்டை நெல்லை அடகு வாங்கி, பஞ்சத்தில் விற்றுத் தின்றுவிட்டு, அறுவடை நாள் விலையைக் கையில் திணித்து "கடன் தீர்ந்தது, கூடவே வட்டியும் தந்தேன்" என்பவனை நம் ஊரில் என்ன பெயரிட்டு அழைப்போம்?

அந்தக் கதையில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பக்கம் ஒன்றுண்டு. எஃப்.டி.எக்சுக்குச் சப்பானில் ஒரு கிளை இருந்தது. உலகெங்கும் வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்குமன்றப் படிகளைத் தேய்த்துக்கொண்டிருக்க, சப்பானியக் கிளையில் வைத்திருந்தவர்கள் 2023 பிப்ரவரித் திங்களிலேயே தங்கள் உடைமையைத் திரும்ப எடுக்கத் தொடங்கிவிட்டனர். அதே நிறுவனம்! அதே முதலாளி! பிறகு எப்படி? சட்டம், தோழர்களே, சட்டம்! மவுண்ட் காக்சில் அடிபட்ட சப்பான் 2017இல் சந்தைகளைப் பதிவு செய்யச் சொன்னது. 2018 சனவரியில் காயின்செக் என்ற சந்தையில் 5,800 கோடி யென் களவு போனபின் விழித்துக்கொண்டு கயிற்றை இன்னும் இறுக்கியது. வாடிக்கையாளர் நாணயத்தை நிறுவனச் சொத்தோடு கலக்கக்கூடாது. குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை இணையத்தொடர்பு அறுத்த பெட்டகத்தில் வைக்க வேண்டும். வெளியே உள்ள ஐந்துக்கும் ஈடாக நிறுவனம் தன் சொந்த நாணயத்தை ஒதுக்க வேண்டும். இவ்வளவே! இதற்கு மந்திரம் தேவைப்படவில்லை, மனம் தேவைப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். வசீர்எக்ஸ் என்ற சந்தை. வசீர் என்றால் அமைச்சர் என்று பொருள். பெயரில் அமைச்சர், காவலில் கோட்டை! 2024 சூலை 18ஆம் நாள் ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயம் களவு போயிற்று. பலர் ஒப்பமிட்டால்தான் திறக்கும் பெட்டகம் அது, ஆயினும் திறந்தது. வடகொரியக் கூட்டத்தின் கைவரிசை என்று அமெரிக்கா, சப்பான், தென்கொரியா மூன்றும் 2025 சனவரியில் கூட்டாகக் கூறின. கள்வன் வந்தது மெய். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரங்கேறியதைப் பாருங்கள்! களவு போகாத நாணயத்தை வைத்திருந்தவர்களும் இழப்பைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றனர். இலாபம் கொழித்த ஆண்டுகளில் பங்கிட்டீர்களா, ஐயா? அப்போது தனியுடைமை, நட்டம் வந்ததும் பொதுவுடைமையா? இந்தியன் இழந்த பணத்துக்கு வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்தில்! ஓராண்டுக்கு மேல் பூட்டிய கதவு 2025 அக்டோபரில்தான் திறந்தது.

அதே திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் அழுத்தந்திருத்தமாக ஒன்றைச் சொன்னது. வாடிக்கையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்திருந்தார். அவர் வைத்திருந்த நாணய வகை வேறு, திருட்டுப்போன வகை வேறு. மின்னாணயம் என்பது சொத்தே. ஒருவர் உடைமையாக வைத்து நுகரத்தக்கதும், நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கத்தக்கதும் ஆகும் என்று நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்து, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் தந்தார். நீதிமன்றத்துக்குப் புலப்பட்டது தில்லிக்குப் புலப்படவில்லை! 2022 ஏப்ரல் முதல் ஆதாயத்தில் நூற்றுக்கு முப்பது வரி. சூலை முதல் ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு ஒன்று பிடித்தம். ஒன்றில் நட்டம் என்றால் மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் முடியாது. வரி வாங்கும் கை இவ்வளவு நீளம்! அதே 2022 சூலையில், முறைப்படுத்தும் சட்டம் எங்கே என்று நாடாளுமன்றத்தில் கேட்டதற்கு, உலக நாடுகள் ஒத்துழைத்தால்தான் பயன்தரும் என்றார் நிதியமைச்சர். வரி போட உலக நாடுகளின் ஒத்துழைப்புக்குக் காத்திருந்தாரா?

"திட்டமிட்டு ஏமாறும் பேராசைக்காரர்களுக்கு எதற்குப் பரிவு?" என்று கேட்போரும் உளர். நானும் எவரையும் வாங்கச் சொல்லவில்லை. விலை இன்று மாடி, நாளை படுகுழி என்று ஆடும் பொருள் இது. குடும்பத்தின் அரிசிப் பணத்தை இதில் போடுபவனைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுப்பேன். ஆனால் சூதில் தோற்றது வேறு, சூதாட்ட விடுதிக்காரன் சட்டைப்பையில் கைவிட்டது வேறு. "கையிருப்புச் சான்று காட்டுகிறோமே" என்று இப்போது சில சந்தைகள் மார்தட்டுகின்றன. பெண் பார்க்க வருவோர்க்கு அண்டைவீட்டு நகையை இரவல் வாங்கிக் காட்டும் கதை நமக்குத் தெரியாததா? இருப்பு எவ்வளவு என்று சொன்னால் போதாது. கடன் எவ்வளவு? அதைச் சொல்லும்வரை அந்தச் சான்று தங்கத்தாள்தான்.

சட்டம் வரும்வரை? ஏற்கெனவே வாங்கிவிட்ட இளைஞர்கள் நம் கிளைகளிலும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். வாங்கியதைச் சந்தையில் கிடத்தாதீர்கள். சாவியை இணையத்தில் படாமல் வைத்திருக்கும் சிறு கருவிகள் விற்கின்றன. தயாரிப்பாளரிடமிருந்து நேராக வாங்குக, இரண்டாம் கைப் பொருளைத் தொடாதீர். அது 12 அல்லது 24 சொற்களைத் தரும். அந்தச் சொற்களே சாவி! கருவி உடைந்தாலும் சொற்களால் மீட்கலாம்; சொற்கள் தொலைந்தால் எந்த மேலாளரிடமும் மனுப் போட முடியாது. காகிதத்தில் எழுதி, படி எடுத்து, இரு வேறு இடங்களில் வையுங்கள். கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். உதவி செய்கிறேன் என்று சொல்லி அந்தச் சொற்களைக் கேட்பவன் எவனாயினும் கள்வனே. பெருந்தொகையை அனுப்புமுன் சிறுதொகையை அனுப்பிப் பாருங்கள்; போனது திரும்பாது. வீட்டாருக்கு, நீங்கள் இல்லாத நாளில் எங்கே தேடுவது என்றாவது சொல்லி வையுங்கள்.

இதிலும் இடருண்டு. வேல்சின் நியூபோர்ட்டில் ஒருவர் ஏறத்தாழ 8,000 பிட்காயினின் சாவி அடங்கிய கணினித் தட்டு 2013இல் குப்பைமேட்டுக்குப் போய்விட்டதென்று, அதைத் தோண்டவிடக் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார். 2025 சனவரியில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. எல்லோரும் தாமே காவற்காரர் ஆகிவிட முடியாது. வங்கியில் போட்ட பணத்துக்கு 5 இலட்சம் வரை காப்பீடு தரும் அரசு, தான் வரி வாங்கும் இந்தப் பணத்துக்கு ஒரு காவற்சட்டம்கூடத் தராதது ஏன்?

வாடிக்கையாளன் நாணயத்தைத் தனியே வை, தொட்டால் சிறை, இந்தியன் வழக்கை இந்திய மன்றத்தில் நடத்து. சப்பானுக்கு இயன்றது இந்தியாவுக்கு ஏன் இயலவில்லை? அடுத்த கூட்டத்தொடரில் நிதியமைச்சர் பதில் சொல்லட்டும்.