ஒப்புதலுக்குக் காவல் யார்?

மனச்சோர்வு நோய்க்கு மருந்து உண்டு என்பது இன்று அனைவரும் அறிந்ததே. அந்த மருந்து வந்த வழியைப் பலர் அறியார்.

ஸ்விட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் மருத்துவர் ரோலண்ட் கூன், கெய்கி நிறுவனம் அளித்த வேதிப்பொருள் ஒன்றை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலனில்லை. 1956-ல் கடும் மனச்சோர்வில் ஆழ்ந்தவர்களுக்குக் கொடுத்தபோது அவர்கள் தேறினர். 1957-ல் அவர் இம்முடிவை வெளியிட்டார். இமிப்ரமின் எனப்படும் அம்மருந்து இன்றும் புழக்கத்தில் உள்ளது.

அதன் மறுபக்கம் 2019-ல் விரிவாக வெளிச்சத்துக்கு வந்தது. துர்காவ் மாநில அரசு பணித்த வரலாற்றாய்வாளர்கள், கூன் சேர்த்து வைத்திருந்த தாள்களை ஆராய்ந்தனர். 1940 முதல் 1980 வரை அங்கு 60-க்கும் மேற்பட்ட பொருள்கள் சோதிக்கப்பட்டதும், ஏறத்தாழ 3,000 பேர்வரை அவற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்பதும், பலரிடம் ஒப்புதலே கேட்கப்படவில்லை என்பதும் தெரியவந்தன. அக்கால வழக்கம் அதுவே என்ற சமாதானம் முழுமையாக எடுபடாது. நோயாளியின் ஒப்புதல் இன்றியமையாதது என்று நியூரம்பர்க் தீர்ப்பு 1947-லேயே கூறிவிட்டது.

இதில் இந்தியாவுக்கும் பாடம் உண்டு. கம்மம், வதோதரா மாவட்டங்களில் சிறுமிகளுக்கு நடந்த எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் குறித்து 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை அளித்தது. பெற்றோர் இடவேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் இட்டிருந்ததை அது கண்டித்தது. வேறொருவர் இடும் கையெழுத்தே இங்கும் சிக்கல்.

2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஆய்வுக்கு நோயாளியின் சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் ஒப்புதல் அளிக்க இயலாத, எதிர்ப்பும் காட்டாத நோயாளி விஷயத்தில், அவருடைய நியமனப் பிரதிநிதியின் ஒப்புதலை ஏற்று, சில நிபந்தனைகளுடன் மாநில மனநல ஆணையம் அனுமதிக்கலாம். ஆக, வாயில்லாதவருக்கு ஆணையமே இறுதிக் காவல்.

அக்காவல் உறங்கிவிடக் கூடாது. ஆணையங்கள் வழங்கும் ஒவ்வோர் அனுமதியும், நோயாளியின் பெயர் மறைக்கப்பட்டு, ஆண்டுதோறும் சட்டப்பேரவைகளிலும் நாடாளுமன்றத்திலும் வைக்கப்பட வேண்டும். புதிய மருந்துகள் தேவைதான். அதற்காக, உண்மை தெரிய அறுபது ஆண்டுகள் காத்திருக்கும் நிலை இங்கு நேரக் கூடாது.