தேருக்கு நிலை உண்டு, எங்கள் காலுக்கு?

என் வலது முட்டி மடங்காது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை வாசலில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. ஸ்டூலில் உட்கார்ந்தால் காலை நீட்டித்தான் உட்கார முடியும். போறவன் வர்றவனெல்லாம் "இன்னாய்யா மரியாத இல்லாம கால நீட்டிக்கினு கீற?" என்பான். மரியாதை இல்லாமல் இல்லை அய்யா, ஜவ்வு இல்லாமல்.

பதினாறு வருஷம் கபடி ஆடினவன் நான். எங்கள் சேரி டீமில் பாடிப் போகிற ஆள். பனியனில் அம்பேத்கர் படம், காலில் ஒன்றுமில்லை. காணும் பொங்கலா, ஆடித் திருவிழாவா, கூப்பிட்ட ஊருக்கெல்லாம் லாரி ஏறிப் போய் ஆடினோம். ஒரு ஊரில் பைனல் ஜெயித்தோம். கோப்பையைக் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்து "எடுத்துக்கங்கடா" என்றார்கள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு மண்ணில் புரண்ட அதே கைகள்தான். ஆட்டத்தில் ஒட்டாத தீட்டு கோப்பையில் எப்படி ஒட்டும்?

இது எங்க ஊர் வியாதி மட்டுமில்லை. பல்வாங்கர் பாலு என்று ஒரு தலித் பந்துவீச்சாளர். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தவர். அவர் போட்ட பந்தைத் தொட்டார்கள். அவருக்கு டீ மட்டும் தனியாக, வெளியே, மண்குவளையில். எத்தனை ஆடியும் கேப்டன் பதவி தரவில்லை. உடம்பின் உழைப்பு வேணும், உடம்பு வேணாம். சாதியின் முழுக் கணக்கும் இந்த ஒரு வரிதான்.

என் முட்டிக் கதைக்கு வருகிறேன். ஒரு செமி பைனலில் மூன்று பேர் சேர்ந்து பிடித்தார்கள். 'டப்'பென்று ஒரு சத்தம். ஜவ்வு கிழிந்த சத்தம் என்று பிற்பாடுதான் தெரியும். புத்தூர் கட்டு போட்டுக்கொண்டேன். எட்டாம் நாள் மூட்டை தூக்கப் போனேன். போகாவிட்டால் வூட்ல அடுப்பு எரியாது. அதோடு கால் முடிந்தது.

2022இல் புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு பவன் செராவத்தை ஏலம் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முட்டியில் அடி. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. அடுத்த வருஷம், 2023இல், ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணிக்குக் கேப்டனாக நின்று தங்கம் வாங்கினார். நல்லா இருக்கட்டும். அவர் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவருக்கும் முட்டி, எனக்கும் முட்டி. அவர் முட்டிக்கு ஓய்வும் வைத்தியமும் கிடைத்தது, என் முட்டிக்கு மூட்டை கிடைத்தது. நான் கேட்பது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

"ஆசைக்கு ஆடினீங்க, அதுக்கு யார் பென்ஷன் கொடுப்பா?" என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. சரி, எங்களுக்கு ஆசை. நடத்துகிறவனுக்கு? ஐபிஎல் ஆட்டங்களைக் காட்டும் உரிமை 2023லிருந்து 2027 வரைக்கும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்றால் இது என்ன? ஆடுகிறவன் தொழிலாளி. தேய்கிற முட்டியும் நகர்ந்துபோன தோள்பட்டையும் அவன் தொழிலில் வந்த ஊனம். மில்லில் கை போனால் நஷ்டஈடு கேட்கிறோம். மைதானத்தில் கால் போனால் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்?

அரசு ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். நலிந்த முன்னாள் வீரர்களுக்குத் தமிழக அரசு மாதம் 6,000 ரூபாய் தருகிறது. 58 வயது முடிந்திருக்க வேண்டும். வருமான வரம்பு உண்டு. தேசிய, சர்வதேசப் போட்டிகளில் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். மத்திய அரசும் 1994லிருந்து ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஒலிம்பிக் பதக்கத்துக்கு மாதம் 20,000, ஆசியப் போட்டித் தங்கத்துக்கு 14,000 என்று பதக்கத்துக்கு ஏற்ற பென்ஷன். இந்த விவரம் கேட்க நான் ஒரு ஆபீசுக்குப் போனேன். "மெடல் இருக்கா?" என்றார் அங்கிருந்தவர். "முட்டிதான் இருக்கு சார்" என்றேன். சிரித்தார். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி.

அந்த விதியைத்தான் உரித்துப் பார்க்கணும். நேஷனல் வரைக்கும் போகிறவன் யார்? ஷூ வாங்க முடிந்தவன், முட்டையும் பாலும் சாப்பிட முடிந்தவன், செலக்ஷனுக்குப் போக ரெண்டு நாள் கூலியை விட முடிந்தவன். அங்கே எடுக்கிறவனுக்குத் தெரிந்தவன். இத்தனை வேலியும் தாண்டி வந்தவனை நிற்க வைத்து "தகுதி" என்று பெயர் சூட்டுகிறார்கள். இட ஒதுக்கீட்டை எதிர்க்கிறவன் வாயில் வருகிறதே, அதே தகுதி.

பதக்கம் வாங்கினாலும் நிலைக்குமா? புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி, செங்கல்சூளைத் தொழிலாளிகள் பெற்ற தலித் பெண். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்ற பேரில் அதைப் பறித்தார்கள். ஓடிய கால் அவருடையது, ஓடிய தூரம் உண்மை. 2012இல் அவர் சூளையில் கூலி வேலை செய்த செய்தியை நாடே படித்தது. பயிற்சியாளர் வேலை பல வருஷம் போராடிய பிறகுதான் வந்தது. பதக்கத்தை வைத்துத்தான் பென்ஷன் என்றால், பதக்கம் பிடுங்கப்பட்டவருக்கு அந்தப் பட்டியலில் இடம் ஏது?

பதக்கம் பறிபோகாதவர்கள் கதையும் தெரியும். ஹாக்கியின் தயான்சந்த் 1979இல் டெல்லி ஆஸ்பத்திரியில் பொது வார்டில் செத்தார். இன்றைக்கு அவர் பிறந்த நாள்தான் தேசிய விளையாட்டு தினம். 1964 டோக்கியோவில் தங்கம் வென்ற அணியின் கோல்கீப்பர் சங்கர் லட்சுமண், பாபாசாகேப் பிறந்த அதே மாவ் ஊரில், கால் அழுகி 2006இல் இறந்தார். செத்த பிறகு மாலை போட எல்லோரும் வருவார்கள். கால் அழுகும்போது எவன் வந்தான்?

வழியே இல்லையா? இருக்கிறது. கிரிக்கெட் வாரியம் தன் பழைய ஆட்டக்காரர்களுக்கு மாதாமாதம் பணம் தருகிறது. 2022இல், 15,000 வாங்கிய முதல்தர ஆட்டக்காரர்களுக்கு 30,000 ஆக்கியது. மெடல் கேட்பதில்லை, எத்தனை ஆட்டம் ஆடினாய் என்றுதான் பார்க்கிறது. அங்கே முடிவது கபடியில் ஏன் முடியாது?

இன்னொரு வழி எங்க ஊர்த் தறியிலேயே இருக்கிறது. கூட்டுறவுச் சங்க நெசவாளிக்கு 1975லிருந்து சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிப்பார்கள், அரசு 4 காசு சேர்க்கும். அது போதும் என்று பிள்ளையார்பாளையத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார். ஆனால் தறிக்குழியில் தேயும் காலுக்கு ஒரு கணக்கு வேண்டும் என்ற ஞாயத்தை அந்தத் திட்டம் ஒப்புக்கொள்கிறது. அதே ஞாயத்தை மைதானத்துக்கும் கொண்டு வா என்கிறேன்.

நம்ம ஆட்களிடமும் ஒரு வார்த்தை. 2025இல் கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் இளையோர் ஆசியக் கபடித் தங்கம் வாங்கி வந்தபோது நாமும் பூரித்தோம். அரசு 25 லட்சம் கொடுத்தது, சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளையோடு அதே தெருவில் ஆடி, அடிபட்டு, பாதியில் நின்றுபோன பெண்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெயித்தவனை மேடையேற்றி, விழுந்தவனை மறப்பது ஊர்க்காரன் பழக்கம். அது இயக்கத்துக்கும் தொற்றிக்கொண்டால் நாம் எதுக்கு?

கேட்க வேண்டியது இதுதான், தோழர்களே:

பதக்கத்தை அல்ல, ஆடிய ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பென்ஷன் வேண்டும். மாவட்ட, மாநில ஆட்டக்காரர்களும் அதில் வரணும். 58 வயது என்ற வரம்பு போகணும். கபடிக்காரனின் முட்டி 40இலேயே ஓய்வு பெற்றுவிடுகிறது. காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவலாம். அதுக்கப்புறம் படுத்துக் கிடக்கிற ஆறு மாசத்துக்கும் படி வேண்டும். லீக் நடத்தி லாபம் பார்க்கிறவர்களின் வருமானத்தில் ஒரு பங்கு கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு இந்த நிதிக்கு வரணும். இவையெல்லாம் தர்மமல்ல, கூலிப் பாக்கி.

எங்க ஊர்த் தேர் வருஷத்தில் ஒரு நாள் ஓடுகிறது. மிச்ச நாளெல்லாம் நிலையில் நிற்கிறது. வெயில் படாமல், மழை படாமல் தகரம் போட்டு மூடிப் பாதுகாக்கிறார்கள். மரம் அது. நாங்கள் வருஷமெல்லாம் ஓடினவர்கள்.

இன்றைக்கு ராத்திரியும் கடை வாசலில் காலை நீட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். மரியாதையைப் பற்றிக் கேட்கிறவர்கள் வந்து கேட்கலாம். முதலில் பாக்கியைப் பற்றிப் பேசுவோம்.