சினிமாவுக்கும் பட்டமா?

சினிமாவுக்குமா பட்டம் என்று நகைப்போர், 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி. ஆர். சுந்தரத்தைச் சான்று காட்டுவர். அவர் லீட்ஸ் சென்று பயின்றது நெசவியல். படத்தொழிலைச் செய்தே கற்றார். மெய்யே; எம் இளம்பிள்ளையிலும் தறியைத் தொடாது நெசவு கற்றார் இலர். ஆயின் அப்பட்டறை இன்று எங்கே? ஏற்காட்டுச் சாலையில் அதன் வளைவு ஒன்றே எஞ்சியுளது. ஆகவே, பட்டறை தந்ததைப் பட்டப்படிப்பே தருதல் வேண்டும்.

சென்னைத் தரமணித் திரைப்படக் கல்லூரியில், மேனிலைத் தேர்வில் தேறினோர்க்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு உளது. ஒளிப்பதிவு பயில்வார்க்குப் பௌதிகம், இரசாயனம் முதலியன வேண்டுமாம், நன்று. இயக்கம் பயில்வார்க்கோ எப்பிரிவாயினும் அமையுமாம். 1950-ல் வெளிவந்த 'மந்திரி குமாரி'க்கு மு. கருணாநிதி உரையாடல் வரைந்தது அச்சேலத்துப் பட்டறைக்கே. ஆங்குக் காமிராவின் அருகே தமிழும் இருந்தது. இயக்கம் கற்கப் புகுவோரைத் தமிழிலும் சோதித்தே சேர்த்தல் தகும். தமிழ் மாணாக்கன் தன் பாடத்துக்கே பரிந்து பேசுகின்றான் என்பீரேல், மறுக்கிலேன்.