மூச்சு விட்டாலும் மூளை பளிச்சிடும்

பி.காம் படிக்கிறவனுக்கு மூளை ஸ்கேனில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். "பிராணாயாமம் செய்பவர்களின் மூளையே வேறு" என்று அம்மா ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு அனுப்பியிருந்தார், கலர் படத்தோடு. தரமணி ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்குக் காத்திருந்தபோது நோண்ட ஆரம்பித்தேன், விட முடியவில்லை.

மேட்டர் இதுதான். ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ நரம்பு செல்களை நேராகப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறி இறங்குவதைப் பார்க்கிறது (1990-ல் செய்ஜி ஒகாவா காட்டிக் கொடுத்த வழி). ஆனால் மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு கூடும், ரத்தக் குழாய்கள் விரியும், ஒன்றுமே யோசிக்காமல் சிக்னல் ஏறும். போதாக்குறைக்கு, மார்பு ஏறி இறங்கும்போது காந்தப்புலமும் லேசாகக் கலைகிறது. தலை அசையாவிட்டாலும் படம் ஆடும்.

1995-ல் பரத் பிஸ்வால் குழு, சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும் இரண்டு கைகளுக்கான பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டியது. 0.1 ஹெர்ட்ஸுக்கும் கீழான மெதுவான அலை. நாம் மூச்சு விடுவது சுமார் 0.2, 0.3 ஹெர்ட்ஸ். அப்படியென்றால் வடிகட்டிவிடலாமே? 1996-ல் அவரே இரண்டு பேரோடு சேர்ந்து டிஜிட்டல் ஃபில்டர் பற்றி எழுதினார். 2000-ல் க்ளோவர், லீ, ரெஸ் மூவரும், மார்பில் கட்டிய பெல்ட்டை வைத்து, எந்தப் படம் மூச்சின் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்று கணக்கிட்டுக் கழிக்கும் முறையைக் கொடுத்தார்கள்.

அதிலும் ஓட்டை. மூச்சின் ஆழமும் வேகமும் மெதுவாக மாறுகின்றன; அந்த மாற்றம் 0.1-க்குக் கீழேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று 2006-ல் பிர்ன் குழு காட்டியது.

இப்போது நம்ம யோகா ஆசாமியை ஸ்கேனரில் படுக்க வையுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால் 0.1 ஹெர்ட்ஸ். ஃபில்டருக்கு அது மூச்சா, மூளையா? படத்தில் தெரிகிற "வித்தியாசம்" தியானமா, கார்பன் டை ஆக்ஸைடா? பதற்றத்தில் வேகமாக மூச்சு விடும் நோயாளிக்கும் இதே கேள்வி. அங்கே தப்பு நடந்தால் விளையாட்டில்லை.

சிலர் மூளை முழுவதன் சராசரியை எடுத்து எல்லாவற்றிலும் கழித்துவிடுகிறார்கள். எங்கள் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! டிரையல் பேலன்ஸ் டாலி ஆகும், ஆனால் பணம் எங்கே போனது என்று தெரியாது. 2009-ல் மர்ஃபி குழு சொன்னது இன்னும் மோசம்: இந்தக் கழித்தலே இல்லாத எதிர்மறைத் தொடர்பை உண்டாக்கிவிடுமாம்.

என் கட்சி சிம்பிள். ஸ்கேன் எடுக்கும்போதே பெல்ட்டைக் கட்டுங்கள், மூச்சுக் கணக்கையும் படத்தோடு வெளியிடுங்கள். வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

அம்மாவிடம், "அவங்களுக்கு பெல்ட் கட்டினாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"யோகா பண்றவங்க எதுக்குடா பெல்ட் கட்டணும்?" என்றார்.